அண்ணனுக்குப் பாகம் பாகமாக வாங்கிய கம்ப்யூட்டர்

இதை எழுத வேண்டும் என்று தோன்றிப் பல வருஷம் ஆகிவிட்டது. சதுர்த்திக்குச் சதுர்த்தி, இந்தத் தடவை உட்கார்ந்துவிடலாம் என்று நினைப்பேன். விளக்கேற்றிவிட்டு உட்காரவும் செய்வேன். முதல் வரி வராது, எழுந்துவிடுவேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். சாலை என்று பெயருள்ள கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் விற்பனைக்கு நின்றே வயது போனவன். எழுத்துப் பழக்கம் இல்லை என்பது ஒரு தயக்கம். ஆனால் அது சின்னது. பெரிய தயக்கம், சொல்லப் போவது ஒரு விளையாட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி. கோயில் குளம் என்று இருக்கிறவன் தன் அனுபவத்தை எழுதினால் அதில் ஒரு விரதம் இருக்க வேண்டும், ஒரு கனவு இருக்க வேண்டும், கடைசியில் ஒரு அற்புதம் இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது கார் ஓட்டும் விளையாட்டும் ஒரு கிராபிக்ஸ் கார்டும். சிரிப்பார்களோ என்று இருந்தேன்.

நான் எழுதாமல் இருந்த காலத்தில் அந்தக் கதை தானாக ஊரில் நடமாட ஆரம்பித்துவிட்டது. நான் பார்க்காத சங்கதிகள் எல்லாம் அதில் வந்து சேர்ந்தன. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

என் அண்ணன் லாரி டிரைவர். தென்காசிப் பக்கத்திலிருந்து ஆரியங்காவு வழியாக மலை இறங்கிச் சாலைக்கு அரிசியும் உள்ளியும் கொண்டுவருகிற லாரி. அந்த மலைப்பாதையின் வளைவுகள் அவர் கைக்குத் தெரியும். சாப்பிடும்போது பேச்சில் அந்த வழி வந்தால் இடது கை தானாகத் திரும்பும். ஆள் முரடில்லை. ஆனால் வாய் உண்டு. வீட்டில் மதினி ஒருத்திதான் அவருக்குப் பதில் பேசக் கூடியவள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. நானும் என் மனைவியும் மகளும் அவர்களோடு ஒரே வீட்டில், சாலைக்குப் பின்னால் உள்ள சந்தில் இருந்தோம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, சர்க்கரை வியாதியில் அண்ணனுக்கு வலது பாதத்தில் ஒரு புண் வந்தது. செருப்புக் கடி என்று நினைத்து மஞ்சளை வைத்துக்கொண்டு இரண்டு நடை லாரி ஓட்டினார். பிறகு ஆஸ்பத்திரி. முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் சர்க்கரை இல்லாத வீடு இல்லை.

புண் ஆறியதும் அளவெடுத்து ஒரு செயற்கைக் கால் செய்து கொடுத்தார்கள். அண்ணன் அதை ஒரு நாள் மாட்டினார். நான்கு எட்டு வைத்தார். வலித்தது. கழற்றி மதினியிடம் கொடுத்து, "இத உள்ள வை. நான் நொண்டியாட்டே இருந்துக்கிடுதேன். பொம்மக் கால வச்சிக்கிட்டு வேஷம் கட்ட மாட்டேன்" என்றார். மதினி அதைப் பழைய சேலையில் சுற்றி அலமாரியில் வைத்தாள். அதன் பிறகு அவர் பின்னறைக் கட்டிலை விட்டு இறங்குவது கழிப்பறைக்கு மட்டும்தான். மீதி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வலது முட்டியை மடக்கி, அடியில் தலையணையைச் செருகிக்கொள்வார்.

பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் அந்த முட்டியை நீட்டிப் பார்த்தார். முழுதாக நீளவில்லை. "இப்படியே மடக்கி வச்சிருந்தா அப்படியே நின்னுபோகும். அப்புறம் எந்தக் காலும் மாட்ட முடியாது. கட்டில்தான்" என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. தினமும் கொஞ்ச நேரம் கால் மாட்டணும், நீட்டணும், அதற்கு அவருக்கே ஒரு மனசு வரணும் என்றார். அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஒருவன் லாரியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் எடுத்துக்கொண்டிருந்தான்.

அந்த ஓணத்துக்குப் பொருட்காட்சி பார்க்க என் மகள் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள், நானும் கூடப் போனேன். அவள் அப்போது கம்ப்யூட்டர் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தாள். வரமாட்டேன் என்றவரை மதினி ஏசித்தான் அனுப்பினாள். அங்கே ஒரு ஸ்டாலில் கம்ப்யூட்டருக்கு முன்னால் கார் ஸ்டியரிங் வைத்திருந்தார்கள். திரையில் மலைப்பாதை. வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். அண்ணனுக்குக் கால் எட்டாததால் ஸ்டால்காரரே குனிந்து பெடலைக் கையால் அமுக்கினார். நான் பின்னால் நின்று பார்த்தேன். வளைவு வந்ததும் அண்ணன் ஸ்டியரிங்கை உருட்டிய விதத்தில், இத்தனை மாதமாக நான் பார்க்காத ஒன்று இருந்தது. மற்றவர்கள் ஓட்டும்போது வண்டி பள்ளத்தில் விழுந்துகொண்டே இருந்தது. இவர் வண்டி விழவில்லை. எதிரே வந்த வண்டிக்கு இவர் ஒதுங்கி வழிகூட விட்டார். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவராகப் பேசினார். "அந்த ரோட்டப் போட்டவனுக்கு மலை தெரியாது. வளைவுக்கு உள்ளுக்காட்டு சாய்வு வேணும்லா. அவன் வெளிய சாச்சிருக்கான்."

மதினி சோறு போட்ட கையோடு அப்படியே நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்படித்தான் கம்ப்யூட்டர் வாங்குவது என்று ஆனது. யாரும் வாய்விட்டுத் தீர்மானிக்கவில்லை. கால் மாட்டுவார் என்றெல்லாம் நாங்கள் நினைக்கவும் இல்லை. பின்னறையிலிருந்து முன்னறைக்கு வந்தால் போதும் என்றுதான் நினைத்தோம்.

சாதாரணக் கம்ப்யூட்டர் அதற்குப் போதாது என்று மகள் சொன்னாள். ரெடிமேடாக வாங்கினால் நம் கைக்கு அடங்காது, பாகமாக வாங்கிச் சேர்த்தால் அடங்கும் என்றும் சொன்னாள். எதை உயர்த்தியாக வாங்க வேண்டும், எதில் இறங்கிப் போகலாம் என்று எனக்கு விளக்கினாள். விளையாட்டுக்கு முக்கியம் படத்தை ஓடவைக்கிற கிராபிக்ஸ் கார்டு. அதில் கஞ்சத்தனம் கூடாது. பிராசசர் நடுத்தரம் போதும். மெமரி ரொம்பக் குறையக் கூடாது. மானிட்டர் பழையது கிடைத்தால் பழையதே போதும். எல்லாவற்றையும் தாங்குவது மதர்போர்டு, அது பார்க்க ஒன்றும் இல்லாத ஒரு பச்சைப் பலகை. பிறகு ஸ்டியரிங்கும் பெடலும்.

எல்லாவற்றையும் ஒரே தடவையாக வாங்க வழியில்லை. அது ஒரு பிரச்சினையாகவே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் கடையில் வாங்குகிறவர்கள் அப்படித்தான் வாங்குவார்கள். பெண் பிறந்த வீட்டில் ஒரு தைக்குக் குத்துவிளக்கு, இன்னொரு ஆவணிக்கு அண்டா, வசதிப்பட்டால் வெண்கலப் பானை. நல்ல நாளில், நல்ல நேரத்தில், ஒவ்வொன்றாக. கல்யாணத்தன்று எல்லாம் ஒன்றாக வந்து உட்காரும். எப்போதோ வாங்கிய தவலைக்கு இன்று மூடி கேட்டு வந்தால் நான் எடுத்துக் கொடுப்பேன், சரியாக மூடும். பொருள் சேர்க்க எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். தெய்வத்துக்கும் உகந்தது அதுதான் என்று இருந்தேன்.

விஜயதசமிக்கு கேபினட் வாங்கினோம், அதாவது பாகங்களை உள்ளே வைக்கிற இரும்புப் பெட்டி. கடை பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. கடைக்காரர் மலையாளி, நல்ல மனிதர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். வரிசையாக வைத்திருந்த கேபினட்டுகளை நான் விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டேன். தகடு கனமா மெலிசா என்று அதில் தெரியும்.

"அண்ணாச்சி, இது பித்தளக் குடமல்ல" என்றார் கடைக்காரர்.

"தெரியும். குடம்னா இதவிட நல்லா கேக்கும்" என்றேன்.

மகளுக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். ஆனால் உள்ளே வைக்கிற பவர் சப்ளையை அவளே என் கையில் கொடுத்து, "அப்பா, இதையும் தூக்கிப் பாருங்கோ. நல்லதுன்னா கனம் இருக்கும்னு காலேஜ்ல சொல்லுவாங்க" என்றாள். கனமானதைப் பார்த்து எடுத்தோம். மழைக்காலத்தில் எங்கள் சந்தில் கரண்டு படுத்தும் பாட்டுக்கு அதில் மட்டும் மலிவு பார்க்கக் கூடாது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மதினி சந்தனம் குங்குமம் வைத்தாள். அண்ணன் பின்னறையிலிருந்தே, "என்னலே வாங்கிருக்க?" என்று கேட்டார்.

"கேபினட்டுண்ணே."

"அப்பிடின்னா?"

மகள் போய்ச் சொன்னாள்: "லாரிக்கு பாடி மாதிரி, பெரியப்பா."

"பாடி கட்டியாச்சா. இன்ஜின் எங்க?"

"அது வரும்."

"இன்ஜின் இல்லாம எவனாது பாடி கட்டுவானா. ஒங்கப்பனுக்கு வண்டியும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது" என்றார். எனக்கு அதைக் கேட்டதில் வருத்தம் இல்லை. அவர் ஏசி ரொம்ப நாளாகியிருந்தது.

தீபாவளிக்குக் கிராபிக்ஸ் கார்டு. அது இரண்டு தரத்தில் இருந்தது. விலை குறைந்ததில் விசிறி கிடையாது. கூடியதில் சின்ன விசிறி வைத்து, மேலே ஏதோ அரக்கன் படம் ஒட்டியிருந்தது. விசிறி உள்ளதுதான் சூடு தாங்கும் என்றாள் மகள். அரக்கன் முகத்தை வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு மனசில்லை. கடைக்காரர் நகத்தால் அந்தப் படத்தைக் கிளப்பிப் பார்த்தார், வரவில்லை. மகள், "அது பெட்டிக்கு உள்ளயாக்கும் இருக்கும், யாரு கண்ணுக்கும் தெரியாது" என்றாள். வீட்டுக்கு வந்து அதன் நெற்றியில் நான் விபூதி பூசினேன். மின்சாரச் சாமானில் பொடி போடாதீங்கோ என்று அவள் அதை உடனே துடைத்தாள். அண்ணன் அந்தக் கார்டை மடியில் வாங்கிப் பார்த்தார்.

"இது எது?"

"ரோடு தெளிவா தெரியறதுக்கு."

"கண்ணாடி. செரி. முன் கண்ணாடி வாங்கியாச்சு" என்றார்.

மார்கழியில் ஒன்றும் வாங்கவில்லை. தை பிறந்ததும் மெமரியும் ஹார்ட் டிஸ்கும் கீபோர்டும் வாங்கினோம். பூசத்துக்குப் பழைய மானிட்டர் ஒன்று கிடைத்தது, தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. மாசியில் ஸ்டியரிங். இருந்ததிலேயே விலை குறைந்ததுதான் வாங்க முடிந்தது. ஆனாலும் பெடல் தனியாக, தரையில் வைக்கிற மாதிரி இருந்தது. அண்ணன் அதை வாங்கி மடியில் வைத்து, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்பினார். "ரொம்பச் சின்னது. எலந்தப்பழம் விக்கிற வண்டிக்கு வைக்கலாம்" என்றார். திருப்பிக் கேட்டபோது கொடுக்கவில்லை. கட்டிலில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

பரிசோதனைக்குப் போகும் நாள் அதற்குள் மறுபடியும் வந்தது. முட்டி முன்னைவிட இறுகியிருந்தது. டாக்டர் மதினியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த முறை வரும்போதும் இப்படியே இருந்தால் கால் மாட்டுகிற பேச்சை விட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். மதினி வீட்டுக்கு வந்து, புடவை கூட மாற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி, நீங்க நாள் பாக்கது செரி. நானும் பாக்கப்பட்டவதான். ஆனா நாள் பாத்துப் பாத்து அவரு முட்டிய ஒலக்கை ஆக்கிராதீங்க. அந்த மனுசன் ஸ்டியரிங்க கெட்டிப் பிடிச்சிக்கிட்டு தூங்குதாரு."

விஷுவுக்கு முன்னால் மதர்போர்டும் பிராசசரும் வாங்கிவிடுகிறேன் என்று சொன்னேன். அவை இரண்டும்தான் மீதி. முதலில் வாங்கியிருக்க வேண்டியது அவைதான் என்று எனக்கு அப்போதும் தெரியாது. மகளும் சேர்த்து வைத்ததைப் பார்த்து எல்லாம் பொருந்தும் என்றுதான் நம்பியிருந்தாள். அவளுக்குத் தெரிந்தது அவள் படிக்க ஆரம்பித்த வருஷத்துக் கம்ப்யூட்டர்.

வாங்கி வைத்த எல்லாவற்றையும் ஒரு சாக்குப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். போகும் வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். கடைக்காரர் புதுப் போர்டு ஒன்றைப் பிரித்து மேசையில் வைத்தார். மகள் கிராபிக்ஸ் கார்டை எடுத்துப் பொருத்தப் போனாள். போகவில்லை. திருப்பிப் பார்த்தாள். போகவில்லை. கடைக்காரர் கார்டை வாங்கி அதன் பல்லைப் பார்த்தார்.

"மோளே, இது பழைய ஸ்லாட்டாணு. இப்போ வர்ற போர்டில் இது கேறில்ல. கம்பெனிக்காரன் மாத்திப்போயி."

எனக்குப் புரியவில்லை. தீபாவளிக்கு உங்களிடம்தானே வாங்கினோம், கவர்கூடக் கசங்கவில்லையே என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். சாமான் நல்லதுதான். கார்டைச் செருகுகிற பள்ளத்தின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். இந்தச் சாமானெல்லாம் சில மாதத்தில் மாறும். சேர்த்து வாங்கணும், இல்லையென்றால் போர்டை முதலில் வாங்கணும். "தீவாளிக்கு வாங்கினத விஷுவுக்கு மாட்ட இது விளக்கும் திரியுமல்லல்லோ அண்ணாச்சி." திரும்ப எடுத்துக்கொள்ளக் கேட்டேன். காலம் கடந்துவிட்டது, பாதி விலைக்குத்தான் எடுக்க முடியும் என்றார். அது நியாயம்தான்.

மகள் அழவில்லை. கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு, "பழைய டைப் போர்டு குடோன்ல கிடக்குமா, சேட்டா?" என்று கேட்டாள். அவர் உள்ளே போய்த் தேடி, தூசி தட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் கார்டு உட்கார்ந்தது. மெமரியும் உட்கார்ந்தது. ஆனால் அதற்குப் பொருந்துகிற பிராசசர் நாங்கள் நினைத்திருந்ததைவிட ஒரு படி குறைவு. நாளைக்கு வேகம் வேண்டும் என்றாலும் அதில் மாற்ற முடியாது. கார்டைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் புது வகையிலேயே போவதென்றால் இன்னும் சில மாதம் சேர்க்க வேண்டும். வேகமான இன்ஜின் வேண்டுமா, சீக்கிரம் வேண்டுமா என்பதுதான் கேள்வி.

கடையிலிருந்தே வீட்டுக்குப் போன் போட்டோம். அண்ணனே எடுத்தார். போன் இருந்தது முன்னறையில். அவர் எப்படி அதுவரை வந்தார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கட்டிலிலிருந்து தரையில் நகர்ந்தே வந்திருக்கிறார் என்று பிறகு மதினி சொன்னாள். மகள் விஷயத்தைச் சொன்னாள்.

"பழைய சேஸா?" என்றார், லாரியின் அடிச்சட்டத்தை நினைத்து.

"ஆமா பெரியப்பா. புதுசுதான், ஆனா பழைய மாடல். வேகம் கொஞ்சம் குறையும்."

"மலைல எவன் வேகமாப் போவான்? கொண்டு வா மக்களே." அவளை அவர் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்.

அதை வாங்கினோம். அன்று அஷ்டமி. நாள் பார்க்கிற நான் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன்.

அன்று சாயங்காலமே மகள் சாப்பாட்டு மேசையில் வைத்து எல்லாவற்றையும் பூட்டினாள். ஆனால் ஓட்டத்தை மறுநாள் காலையில்தான் தொடங்கணும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அஷ்டமியன்று அவர் எந்தப் புது வண்டியையும் எடுத்ததில்லை. வீட்டில் யாருக்கும் அதில் எதிர்ப்பில்லை, மதினிக்கும்கூட.

காலையில் குளித்து, வேட்டி மாற்றி, நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு சக்கர நாற்காலியில் வந்தார். முன்னறையில் மேசை. மேசைக்குக் கீழே பெடல். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. "எலுமிச்சம்பழம்?" என்று கேட்டார். லாரியோ காரோ, புது வண்டியை முதலில் எடுக்கும்போது சக்கரத்துக்கு ஒரு பழம் வைத்து அதை நசுக்கிக்கொண்டு கிளம்புவது வழக்கம். மதினி நான்கு பழம் எடுத்துவந்து பெட்டியின் நான்கு மூலையிலும் வைத்தாள்.

"இது உருளாத வண்டில்லா, அத்தான். பழம் எப்பிடி நசுங்கும்?" என்றாள் என் மனைவி.

"நசுங்காட்டா என்ன. நாளைக்குச் சோத்துல பிழிங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். மகள் கம்ப்யூட்டரைப் போட்டாள். திரையில் ஒரு சாலையும் ஒரு வண்டியும் வந்து நின்றன. அவள் முன்யோசனைக்காரி. வேகத்துக்கான பெடலை இடது பக்கம் மாற்றி, பிரேக்கை ஸ்டியரிங்கில் உள்ள பொத்தானுக்குக் கொடுத்திருந்தாள். "பெரியப்பா, எல்லாம் இடது காலாலயே பண்ணலாம். நான் நேத்தே செட் பண்ணி வச்சுட்டேன்" என்றாள்.

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தார். இடது காலை நீட்டிப் பெடலுக்கு மேலே கொண்டுபோனார். அப்படியே நிறுத்திக் காலை இழுத்துக்கொண்டார்.

"என்ன பெரியப்பா? எட்டலையா?"

"எட்டுது."

"பின்ன?"

அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நின்றுகொண்டே இருந்தது. மகளைப் பார்க்காமல், "புது வண்டி மக்களே" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. மதினிக்கு உடனே புரிந்தது. முதலாளி எந்தப் புது லாரி எடுத்தாலும் முதலில் ஓட்டக் கூப்பிடுவது அண்ணனைத்தான். பூஜை முடிந்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலைத்தான் முதலில் உள்ளே வைப்பார். அந்தக் காலால்தான் முதல் அமுக்கு. புதுப்பெண் வீட்டுக்குள் வருகிற மாதிரி என்று கிளீனர்கள் கேலி செய்வார்கள். இடது காலை வைத்து ஒரு காரியத்தைத் தொடங்க அவருக்கு வராது. எங்கள் வீட்டில் யாருக்கும் வராது.

மதினி அலமாரிப் பக்கம் பார்த்தாள். போய் எடுத்துவரட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கடைசியில் அவரே, "ஏட்டி, அந்தக் கால எடு" என்றார்.

அவள் சேலைச் சுற்றைப் பிரித்துக்கொண்டே வந்தாள். தரையில் உட்கார்ந்து மாட்டினாள். அவர் கால் மெலிந்திருந்ததால் தொளதொளவென்று இருந்தது. உள்ளே போடுகிற துணி உறையை இரண்டாக மடித்துப் போட்டாள். முட்டி முழுதாக நீளவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தொடையைக் கையால் அமுக்கி நீட்டினார். மகள் இதற்குள் பெடலை வலது பக்கத்துக்கு மாற்றிவிட்டிருந்தாள். அண்ணன் அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கிப் பெடல் மேல் வைத்தார். "பிள்ளையாரப்பா" என்று சொல்லி அமுக்கினார்.

வண்டி பாய்ந்து போய்ச் சுவரில் மோதியது.

அவர் சிரிக்கும் வரை நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. "எக்ஸலேட்டர் ரொம்ப எளக்கமா இருக்குலே. கேபிள முறுக்கணும்" என்றார்.

அன்று அவர் அதிக நேரம் ஓட்டவில்லை. வலித்தது, கழற்றினார். கழற்றிய இடத்தில் தோல் சிவந்திருந்தது. மறுநாள் அவரே கேட்டு மாட்டினார். விளையாட்டுக்கு உட்காரும்போது மட்டும்தான் மாட்டுவார். லாரியில் உட்காருகிற மாதிரி காலை நன்றாக நீட்டித்தான் ஓட்டுவார். முட்டி இளக அது உதவியது என்று டாக்டர் பிறகு சொன்னார். அடுத்த முறை போனபோது, கட்டில்தான் என்கிற பேச்சை அவர் எடுக்கவில்லை. இன்னும் நிறைய இருக்கிறது என்று மட்டும் சொன்னார். நிறையத்தான் இருந்தது. பின்னறையிலிருந்து மேசைக்கு நடக்க ஒரு மழைக்காலம் ஆனது. நடுவில் புண் வந்து கால் மாட்டாமலே கிடந்த வாரங்களும் உண்டு. அப்போதெல்லாம் வீட்டில் யார் பேசினாலும் ஏச்சுத்தான். பிறகு கம்போடு தெருமுனை டீக்கடை வரை போனார்.

விளையாட்டில் அவர் எந்தப் பந்தயத்திலும் ஜெயித்ததில்லை. பின்னால் வருகிறவனுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிடுவார். குறுகலான பாலத்தில் எதிரே வண்டி வந்தால் நின்றுகொள்வார். "பெரியப்பா, இது ரேஸு" என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள். "அவனுக்கு அவசரம்னா போட்டும்" என்பார். கடைசியில் அவள் எங்கேயோ தேடி ஒரு லாரி விளையாட்டு கொண்டுவந்து போட்டாள். அதில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். அதன் பிறகு அவருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. பிராசசர் வேகம் குறைவு என்று அவர் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை. அந்தக் கம்ப்யூட்டர் சில வருஷம் ஓடியது. ஒரு இடிமழையில் போர்டு போனது. அந்த மாடல் போர்டு அப்போது எங்கேயும் கிடைக்கவில்லை. பவர் சப்ளை மட்டும் நன்றாக இருந்தது. மகள் அதைத் தன் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொண்டாள்.

நடந்தது இவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன் பழவங்காடியில் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சாலையில் ஒரு முடவர், கம்ப்யூட்டரைச் சுவாமி முன்னால் வைத்து ஒரு மண்டலம் விரதம் இருந்தாராம். முடிக்கிற நாளில் நான்கு எலுமிச்சம்பழமும் தானாகப் பிளந்ததாம். அவர் எழுந்து நடந்தாராம். கேட்டவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் தேங்காயை உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் அப்போதுதான் டீக்கடையிலிருந்து வந்து காலைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"தானா பிளந்துதாமா?" என்றார். ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, "நீ எழுதணும்னு சொல்லிட்டே கிடந்தியே. எழுது. கூட்டாத. சுவத்துல போயி இடிச்சதையும் எழுது" என்றார்.

பிள்ளையார் செய்தது எது, அண்ணன் செய்தது எது என்று பிரிக்க எனக்குத் தெரியாது. பிரிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஆனால் காலை மாட்டிக்கொண்டவர் வலித்துத்தான் மாட்டினார். அதை விட்டுவிட்டு அற்புதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், பக்கத்து வீட்டில் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இன்னொருவர் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுவார்.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாருக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள், வேண்டும் என்கிற வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். இருக்கிறபடியே சொல்லுங்கள். மண்டல விரதம் ஒன்றும் இல்லை. போர்டு வாங்கியது அஷ்டமியில். பழம் எதுவும் பிளக்கவில்லை. மறுநாள் மதினி நான்கையும் சோற்றில் பிழிந்தாள், எல்லோரும் சாப்பிட்டோம்.